கண் இமைத்தவர்கள்

குழந்தைகள் ஒரு விளையாட்டு விளையாடுவதுண்டு. இருவர் எதிரெதிரே உட்கார்ந்து ஒருவர் கண்ணை ஒருவர் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். முதலில் இமைத்தவர் தோற்றவர். கண் எரியும், நீர் வழியும், ஆனாலும் இமைக்கக் கூடாது. விளையாட்டு முடிந்ததும் இருவரும் கண்ணைக் கசக்கிக்கொண்டு சிரித்துவிட்டு வேறு விளையாட்டைத் தேடிப் போய்விடுவார்கள். தோற்றதனால் யாருக்கும் எதுவும் குறைந்துவிடுவதில்லை.

1962-ஆம் ஆண்டு அக்டோபர் 24-ஆம் தேதி உலகத்தின் இரண்டு பெரிய வல்லரசுகள் இந்த விளையாட்டை விளையாடியதாகச் சொல்வார்கள். அமெரிக்காவின் வாசற்படியைப் போல் இருக்கும் கியூபாத் தீவில் சோவியத் ருஷ்யா ரகசியமாக அணு ஏவுகணைகளைக் கொண்டுவந்து வைத்திருந்தது. மேலும் கப்பல்கள் வந்துகொண்டிருந்தன. அவற்றை மறிப்பதற்கு அமெரிக்கக் கடற்படை நடுக்கடலில் வளைத்து நின்றது. ருஷ்யக் கப்பல்கள் சில நின்றுவிட்டன என்றும் சில திரும்பிவிட்டன என்றும் வெள்ளை மாளிகைக்குச் செய்தி வந்தபோது, அமெரிக்க வெளிநாட்டு மந்திரி டீன் ரஸ்க் அந்தக் குழந்தை விளையாட்டின் பாஷையிலேயே பேசினார். இருவரும் கண்ணோடு கண் மோத நின்றதாகவும், எதிராளி இமைத்துவிட்டதாகவும் அவர் சொன்னார். அந்த வார்த்தை உலகப் பிரசித்தி பெற்றுவிட்டது. அமெரிக்கா இமைக்கவில்லை, ருஷ்யா இமைத்தது, உலகம் பிழைத்தது என்று அந்தப் பதின்மூன்று நாட்களின் கதையை ஒரு தலைமுறை முழுவதும் படித்தது.

நல்ல கதைதான். ஆனால் கதை எழுதுகிறவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. கதை அளவுக்கு மீறி அழகாக முடிந்தால் அவனுக்குச் சந்தேகம் வந்துவிடும். இந்தக் கதையிலும் சந்தேகப்பட இடம் இருக்கிறது. ரஸ்க் அப்படிச் சொன்ன நேரத்தில் முக்கியமான ருஷ்யக் கப்பல்கள் அமெரிக்கக் கப்பல்களுக்கு எதிரில் இல்லவே இல்லை. திரும்பி வரும்படி முந்தைய தினமே மாஸ்கோ உத்தரவிட்டு, அவை நூற்றுக்கணக்கான மைல்களுக்கு அப்பால் போய்க்கொண்டிருந்தன. ஆகவே கண்ணோடு கண் மோதிய அந்தக் காட்சி, அந்த இடத்தில், அந்த நேரத்தில் நடக்கவில்லை. அதைவிடப் பெரிய விஷயம் ஒன்றும் உண்டு. கடைசியில் இமைத்தது ஒருவர் அல்லர், இருவர். இருவரும் இமைத்ததனால்தான் நீங்களும் நானும் இன்று இருக்கிறோம். அந்த உண்மை வெளிப்படையாக ஒப்புக்கொள்ளப்படுவதற்கு 1989 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஏன் மறைத்தார்கள்? மறைத்ததில் நியாயம் உண்டா? மறைத்ததற்கு விலை கொடுத்தவர்கள் யார்? இந்தக் கேள்விகள் அமெரிக்க சரித்திரத்தோடு முடிந்துபோகிறவை என்று நான் நினைக்கவில்லை. தலைமை என்றால் என்ன, தைரியம் என்றால் என்ன என்று யோசிக்கிற எவருக்கும் இவை உரியவை.

நெருக்கடி எப்படி உண்டாயிற்று என்பதை முதலில் பார்க்க வேண்டும். 1961 ஏப்ரலில் அமெரிக்கா மறைமுகமாகப் படை திரட்டிக் கியூபாவின் ‘பிக்ஸ்’ விரிகுடாவில் இறக்கிப் பார்த்து அவமானத்தோடு தோற்றது. அதே சமயத்தில் ருஷ்யாவுக்கு அடுத்த வீடான துருக்கியில் 15 ‘ஜூபிடர்’ ஏவுகணைகளை நிறுவும் ஏற்பாட்டையும் செய்துகொண்டிருந்தது. காஸ்ட்ரோவின் கியூபாவைக் காப்பாற்ற வேண்டும் என்பது குருஷேவின் ஒரு நோக்கம். தம்மைச் சுற்றி வைக்கப்பட்ட பயத்தை அமெரிக்காவுக்கும் கொஞ்சம் ருசி காட்ட வேண்டும் என்பது இன்னொரு நோக்கம். ஆனால் அவர் அதைத் திருட்டுத்தனமாகச் செய்தார். வெறும் தற்காப்பு ஆயுதங்கள்தாம் என்று வாய் கூசாமல் சொல்லச் செய்தார். கென்னடியோ, செப்டம்பர் மாதத்திலேயே, அப்படிப்பட்ட ஏவுகணைகள் கியூபாவில் இருந்தால் பொறுக்கமாட்டேன் என்று ஊரறியச் சொல்லித் தம் கையைத் தாமே கட்டிக்கொண்டிருந்தார். ஒருவர் பொய்யில் சிக்கினார். மற்றவர் வாக்கில் சிக்கினார். இரண்டுக்கும் வேர் கௌரவந்தான்.

அக்டோபர் 16-ஆம் தேதி காலையில் உளவு விமானம் எடுத்த படங்கள் கென்னடிக்குக் காட்டப்பட்டன. அன்று நடந்த ஆலோசனையை அவர் ரகசியமாக ஒலிப்பதிவு செய்து வைத்திருந்தார். அதனால் நமக்கு ஒரு வேடிக்கையான சம்பாஷணை கிடைத்திருக்கிறது. ருஷ்யா செய்த காரியத்தின் விபரீதத்தை விளக்க நினைத்த கென்னடி, நாம் திடீரென்று துருக்கியில் ஏவுகணைகளைக் கொண்டுபோய் வைத்தால் எவ்வளவு அபாயமாக இருக்கும், அது போலல்லவா இருக்கிறது என்கிறார். பக்கத்திலிருந்த ஆலோசகர் மக்ஜார்ஜ் பண்டி, நாம் வைத்துத்தானே இருக்கிறோம் என்று நினைவூட்டுகிறார். தன் வீட்டு வாசலில் பார்த்தால்தான் பாம்பு பாம்பாகத் தெரிகிறது. அடுத்தவன் வாசலில் நாமே விட்ட பாம்பு நம் கண்ணுக்குக் கயிறாகத்தான் படுகிறது.

யுத்தத்தின் விளிம்புவரை போய் நின்று எதிரியைப் பயமுறுத்திக் காரியம் சாதிப்பதை ஒரு ராஜதந்திரக் கலை என்றே அந்தக் காலத்தில் நினைத்தார்கள். ஐஸன்ஹோவர் ஆட்சியில் வெளிநாட்டு மந்திரியாயிருந்த ஜான் ஃபாஸ்டர் டல்லஸ் 1956-இல் ஒரு பத்திரிகைப் பேட்டியில் அதைப் பெருமையோடு விவரித்தார். அதற்கு ‘பிரிங்க்மன்ஷிப்’ என்று கேலிப் பெயர் வைத்துப் பரப்பியவர் அட்லாய் ஸ்டீவன்சன். அவர் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மீண்டும் வருவார். தத்துவஞானி பெர்ட்ராண்ட் ரஸ்ஸல் இந்தக் கலையைக் கார் ஓட்டும் போக்கிரி இளைஞர்களின் பந்தயத்தோடு ஒப்பிட்டார். இரண்டு கார்கள் ஒரே ரஸ்தாவில் எதிரெதிராகப் பாய்ந்து வரும். முதலில் விலகுகிறவன் கோழை என்பது பந்தயம்.

ரஸ்ஸலின் உவமை சரியானதுதான். ஆயினும் அதிலே அந்த இளைஞர்களுக்கு ஓர் அநியாயம் இருப்பதாக எனக்குத் தோன்றும். அவர்கள் பணயம் வைப்பது தங்கள் உயிரை. முட்டாள்தனமானாலும் அது சொந்த முட்டாள்தனம். தேசத்தின் தலைவன் காரில் தன்னந்தனியாக இல்லை. பின் ஆசனத்தில் கோடிக்கணக்கான ஜனங்கள் தூங்கிக்கொண்டிருக்கிறார்கள். பந்தயம் நடப்பதே அவர்களில் பெரும்பாலோருக்குத் தெரியாது. எதிர்க் காரிலும் அப்படியே. ரஸ்தாவின் இருபுறத்திலும், எந்தப் பந்தயத்திலும் சேராத மற்ற உலகம் நடந்து போய்க்கொண்டிருக்கிறது. தன் உயிரைத் துச்சமாக மதிக்கிறவனை வீரன் என்கிறோம். பிறர் உயிரைத் துச்சமாக மதிக்கிறவனுக்கும் அதே பெயரை எப்படிக் கொடுப்பது?

இங்கேதான் தலைவனுடைய தைரியம் சிப்பாயின் தைரியத்திலிருந்து பிரிகிறது. சிப்பாய்க்குப் பயந்தால் இழுக்கு. தலைவனுக்கோ பயப்படத் தெரியாவிட்டால் இழுக்கு. பயப்பட வேண்டியவற்றைக் கண்டு பயப்படுவது அறிவாளிகளின் காரியம் என்பது வள்ளுவரின் தீர்ப்பு. நீதி சொல்ல வந்தவர் பயத்துக்கும் ஒரு மரியாதை கொடுத்திருக்கிறாரே என்று சிறு வயதில் எனக்கு ஆச்சரியமாயிருந்ததுண்டு. அணுகுண்டின் காலத்தில் அந்த ஆச்சரியத்துக்கு இடமில்லை.

கென்னடியைச் சுற்றிலும் பயப்படாதவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். உடனே விமானங்களை அனுப்பிக் குண்டு போட வேண்டும் என்பதே முதல் நாளில் பெரும்பாலோரின் எண்ணம். அக்டோபர் 19-ஆம் தேதி விமானப்படைத் தளபதி கர்ட்டிஸ் லெமே ஜனாதிபதியின் முகத்துக்கு நேரே, கப்பல்களை மறித்து மட்டும் நிற்பது ஏறக்குறைய மியூனிக் சமரசத்துக்குச் சமானம் என்றார். அந்த வார்த்தையின் விஷம் நமக்குச் சட்டென்று புரியாது. 1938-இல் மியூனிக்கில் பிரிட்டனும் பிரான்ஸும் ஹிட்லருக்குப் பணிந்தபோது, கென்னடியின் தந்தை லண்டனில் அமெரிக்கத் தூதராயிருந்து அந்தப் பணிவை ஆதரித்தவர். ஆகவே, தகப்பன் கோழை, பிள்ளையும் கோழை என்பதுதான் தளபதி சொல்லாமல் சொன்னது. கென்னடி கோபத்தை விழுங்கிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். அந்த அறையில் அவர் காட்டிய வீரம் இதுதான் என்று நான் சொல்வேன். கோழை என்ற பட்டத்தைச் சுமந்துகொண்டு இன்னும் ஒரு நாள் யோசிப்பது!

அந்த ஒரு நாளின் மதிப்பு அப்போது அவருக்கே முழுவதும் தெரிந்திருக்க முடியாது. கியூபாவில் சுமார் 10,000 ருஷ்யர்கள் இருக்கலாம் என்று அமெரிக்கர்கள் எண்ணியிருந்தார்கள். உண்மையில் இருந்தவர்கள் ஏறக்குறைய 40,000 பேர். அமெரிக்க நகரங்களைத் தாக்கும் பெரிய ஏவுகணைகளைத் தவிர, கரையில் இறங்கும் படையை அழிப்பதற்கென்றே சிறிய அணு ஆயுதங்களும் தீவில் வந்து இறங்கியிருந்தன. இந்தச் செய்தியை 1992-இல் ஹவானாவில் நடந்த ஒரு மகாநாட்டில் கேட்டு, அன்றைய அமெரிக்கத் தற்காப்பு மந்திரி மக்னமாரா திகைத்துப் போனார். தளபதிகள் விரும்பியபடி படை இறங்கியிருந்தால் அந்தச் சிப்பாய்கள் மேல் என்ன விழுந்திருக்கும் என்பது 30 ஆண்டுகளுக்குப் பிறகு அவருக்குத் தெரிந்தது. நிச்சயமாகத் தெரியும் என்று மேஜையைத் தட்டிப் பேசியவர்களுக்கு ஒன்றுமே தெரிந்திருக்கவில்லை. தயங்கியவருடைய தயக்கத்துக்கு மட்டும் ஏதோ தெரிந்திருந்தது.

அக்டோபர் 27, சனிக்கிழமை. அந்த ஒரு நாளைப் படித்தாலே போதும். விளிம்பில் நிற்கும் கலை எவ்வளவு பெரிய ஏமாற்று என்று விளங்கிவிடும். விளிம்புவரை போவேன், அங்கே நின்றுகொள்வேன் என்பவன் தன் கால் தன் வசம் இருப்பதாக நினைக்கிறான். அன்று யாருடைய காலும் யார் வசத்திலும் இல்லை. கியூபாவின் மேல் பறந்த அமெரிக்க உளவு விமானத்தை ருஷ்ய ஏவுகணை சுட்டு வீழ்த்தியது. விமானி ருடால்ஃப் ஆண்டர்சன் மாண்டார். அந்த உத்தரவை மாஸ்கோ கொடுக்கவில்லை. தீவிலிருந்த ருஷ்யத் தளபதிகள் தாங்களாகவே கொடுத்தார்கள். அதே தினம் வட துருவப் பக்கம் போன இன்னொரு அமெரிக்க விமானம் வழி தவறி ருஷ்ய ஆகாயத்துக்குள்ளேயே நுழைந்துவிட்டது. அதை வாஷிங்டன் அனுப்பவில்லை.

கடலுக்கடியில் மூன்றாவது சம்பவம். பி-59 என்ற ருஷ்ய நீர்மூழ்கிக் கப்பலை அமெரிக்கக் கப்பல்கள் சூழ்ந்துகொண்டு, மேலே வரும்படி எச்சரிக்கைக் குண்டுகளைப் போட்டன. உள்ளே வெப்பம் 45 டிகிரிக்கு மேல், மூச்சுத் திணறல், மாஸ்கோவோடு தொடர்பு இல்லை. மேலே யுத்தம் தொடங்கிவிட்டதா இல்லையா என்பதுகூட அவர்களுக்குத் தெரியாது. அந்தக் கப்பலில் ஓர் அணு டார்பீடோ இருந்தது. அமெரிக்கர்களுக்கு அது தெரியாது. கப்பலில் இருந்த ஓர் அதிகாரி பின்னாளில் சொன்ன விவரப்படி, கேப்டன் ஸவீட்ஸ்கி பொறுமை இழந்து அதைத் தயார் செய்யச் சொன்னார். உடன் இருந்த வஸீலி ஆர்க்கிபோவ் என்ற மற்றோர் அதிகாரி அவரைச் சமாதானப்படுத்தினார். கப்பல் மேலே வந்தது. எதிரியின் விளக்கு வெளிச்சத்தில், எதிரியின் பீரங்கிகளுக்கு முன்னால் தலை தூக்கி நின்றது. சிப்பாயின் கணக்கில் அது தலைகுனிவு. அந்தத் தலைகுனிவினால் எத்தனை ஊர்கள் தப்பின என்று கணக்கெடுக்க வழியே இல்லை.

முந்தைய தினந்தான் குருஷேவ் ஒரு நீண்ட கடிதம் அனுப்பியிருந்தார். யுத்தம் என்ற முடிச்சு விழுந்த கயிற்றை நாம் இருவரும் இரண்டு பக்கமும் இழுக்கக் கூடாது. இழுக்க இழுக்க முடிச்சு இறுகி, போட்டவனாலேயே அவிழ்க்க முடியாமல் போய்விடும் என்பது அதன் சாரம். குடியானவர் வீட்டில் பிறந்தவருக்கு முடிச்சைப் பற்றித் தெரியும். இழுத்தால் இறுகும், தளர்த்தினால்தான் அவிழும். ஆனால் ஒருவர் மட்டும் தளர்த்தி மற்றவர் இழுத்தால் கயிறு முழுவதும் அவர் கைக்குப் போய்விடுமே! அந்தப் பயந்தான் இருவரையும் பிடித்துக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை மாலை கென்னடி தம்முடைய தம்பி ராபர்ட் கென்னடியை ருஷ்யத் தூதர் டோப்ரினினிடம் பேச வைத்தார். கியூபாவின் மேல் படையெடுக்கமாட்டோம் என்பது பகிரங்கமான வாக்கு. துருக்கியிலுள்ள ஏவுகணைகளை நான்கு ஐந்து மாதத்தில் எடுத்துவிடுகிறோம் என்பது ரகசியமான வாக்கு. இரண்டாவது வாக்கு வெளியே தெரியவே கூடாது என்பது நிபந்தனை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை குருஷேவ் இணங்கினார்; அஞ்சலுக்குக் காத்திராமல் மாஸ்கோ ரேடியோவிலேயே பதிலைப் படிக்கச் செய்தார். கியூபா ஏவுகணைகள் கப்பலேறிப் போயின. 1963 ஏப்ரலுக்குள் துருக்கி ஏவுகணைகளும் சத்தமில்லாமல் போய்விட்டன.

இதுதான் நடந்தது. இருவரும் இமைத்தார்கள். ஒருவர் ஊர் பார்க்க இமைத்தார். மற்றவர் இருட்டில் இமைத்தார். இருட்டில் இமைத்தவருக்கு வெற்றி வீரர் என்று பெயர் கிடைத்தது. வெளிச்சத்தில் இமைத்தவரைச் சீனர்கள், முதலில் சாகசம் செய்தார், பிறகு சரணாகதி அடைந்தார் என்று ஏசினார்கள். 1964 அக்டோபரில் அவருடைய சகாக்களே அவரைப் பதவியிலிருந்து இறக்கியபோது சுமத்திய குற்றங்களில் கியூபாவும் ஒன்று. அப்போதுகூட அந்த ரகசியத்தைத் தம் கேடயமாக்கிக்கொண்டு அவர் உலகத்தின் முன் வந்து நிற்கவில்லை. நெருக்கடியைத் திருட்டுத்தனமாக ஆரம்பித்து வைத்த பாவம் அவருடையதுதான், மறுக்கவில்லை. ஆனால் முடித்து வைத்ததற்கு அவர் கொடுத்த விலை எதிராளி கொடுத்ததைவிட அதிகம்.

இப்போது ஸ்டீவன்சனிடம் வருவோம். ஐக்கிய நாடுகள் சபையில் அமெரிக்கப் பிரதிநிதியாயிருந்த அவர், துருக்கித் தளத்தை விட்டுக்கொடுத்துச் சமரசம் பேசலாமே என்று ஆரம்பத்திலேயே யோசனை சொன்னார். அறையிலிருந்தவர்கள் அவரைக் காய்ச்சி எடுத்தார்கள். நெருக்கடி தீர்ந்த பிறகு 1962 டிசம்பரில் ஒரு பிரபல வாரப் பத்திரிகை, ஸ்டீவன்சன் இன்னொரு மியூனிக்கை விரும்பினார் என்று எழுதி அவரை நாட்டின் முன் அவமானப்படுத்தியது. எந்த யோசனையைச் சொன்னதற்காக அவர் கோழை ஆனாரோ, அந்த யோசனையைத்தான் ஜனாதிபதி நிறைவேற்றியிருந்தார்! விஷயம் தெரிந்தவர்கள் வாயைத் திறக்கவில்லை. 1965-இல் ஸ்டீவன்சன் இறந்துபோனார். ராபர்ட் கென்னடி எழுதி வைத்த நூல் அவர் மறைவுக்குப் பின் 1969-இல் வெளிவந்தபோது, ரகசிய ஒப்பந்தம் பற்றிய வெளிப்படையான குறிப்பைப் பதிப்பித்தவர் எடுத்துவிட்டார். அப்படிச் செய்தவர் கென்னடியின் அந்தரங்க ஆலோசகர் டெட் ஸோரன்ஸன். அதை 1989-இல் மாஸ்கோவில் அவரே ஒப்புக்கொண்டார்.

மறைத்தவர்கள் பக்கத்திலும் நியாயம் உண்டு. அதைச் சொல்லாமல் தீர்ப்புச் சொல்வது தர்மமாகாது. துருக்கி நேச நாடு. அதைக் கேட்காமல் அதன் காவலை விலை பேசியது தெரிந்தால் மற்ற நேச நாடுகள் நம்பிக்கை இழந்துவிடும். நவம்பர் முதல் வாரத்தில் அமெரிக்கக் காங்கிரஸ் தேர்தல். விட்டுக்கொடுத்தார் என்ற பேச்சு கிளம்பியிருந்தால் எதிர்ப்பில் ஒப்பந்தமே குலைந்திருக்கலாம். ஒரு பொய்யால் கோடி உயிர் பிழைக்கும் என்றால் அந்தப் பொய்யை யாரால் குற்றம் சொல்ல முடியும்? குற்றமற்ற நன்மையைத் தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தில் வைத்து எண்ணத்தக்கது என்று வள்ளுவரே சலுகை கொடுத்திருக்கிறார். அந்தச் சனிக்கிழமை இரவில் சொன்ன பொய்யை நானும் மன்னிப்பேன்.

ஆனால் சலுகைக்கு வள்ளுவர் ஒரு வேலி போட்டிருக்கிறார்: நன்மை குற்றமற்றதாக இருக்க வேண்டும். சனிக்கிழமை இரவின் பொய் ஞாயிற்றுக்கிழமையோடு முடிந்துவிடவில்லை. அது பாடமாகிவிட்டது. உறுதியாக நின்று, அளவாக அழுத்தி, படிப்படியாக நெருக்கினால் எதிரி பணிந்தே தீருவான் என்று அந்தப் பதின்மூன்று நாட்கள் நிரூபித்துவிட்டதாக அமெரிக்கா நம்பியது. சனிக்கிழமை மாலை ரகசிய வாக்கை முடிவு செய்த சிறு கூட்டத்தில் துணை ஜனாதிபதி லிண்டன் ஜான்ஸன் இல்லை. 1963 நவம்பரில் கென்னடி சுடப்பட்டு இறந்தபோது அதிகாரம் அந்த ஜான்ஸன் கைக்கு வந்தது. வீரக் கதையை அவர் அறிவார். விட்டுக்கொடுத்த கதையைக் கேட்கும் இடத்தில் அவர் வைக்கப்படவில்லை. 1965-இல் வியட்நாமின் மேல் படிப்படியாகக் குண்டு மழையைக் கூட்டிக்கொண்டே போனார்கள். எதிரி இமைப்பான், இமைப்பான் என்று காத்திருந்தார்கள். பக்கத்தில் ரஸ்கும் மக்னமாராவும் பண்டியும் இருந்தார்கள். உண்மை தெரிந்த அவர்களே தாங்கள் சொல்லிப் பரப்பிய கதையை நம்ப ஆரம்பித்துவிட்டார்கள் போலும்! வியட்நாமின் துயரத்துக்கு வேறு பல காரணங்களும் உண்டு. ஆனாலும் பொய்யாக எழுதிய வெற்றியை முன்மாதிரியாக வைத்துக்கொண்ட பாவம் அதிலே கலந்திருக்கிறது என்றே நான் நினைக்கிறேன்.

ஒரு கேள்வி எழலாம். விட்டுக்கொடுப்பதே தர்மம் என்றால் மியூனிக்கும் தர்மந்தானா? இல்லை. மியூனிக்கில் விட்டுக்கொடுக்கப்பட்டது செக்கோஸ்லோவாகியாவின் மண். கொடுத்தவர்களுக்கு அதில் ஒரு பிடி கூடச் சொந்தமில்லை. அந்த மண்ணுக்கு உரியவர்களை உள்ளே கூப்பிடக்கூட இல்லை. தன்னுடையதைக் கொடுத்துச் சமாதானம் வாங்குவது பெருந்தன்மை. அடுத்தவனுடையதைக் கொடுத்து வாங்குவது கோழைத்தனம். 1962-இல் இருவரும் முக்கியமாக இழந்தது தங்கள் ஏவுகணைகளை, தங்கள் வீறாப்பை. முழுவதும் களங்கமற்றது என்றும் சொல்லிவிட முடியாது. துருக்கியைக் கேட்கவில்லை, கியூபாவையும் கேட்கவில்லை. தம் மண்ணிலிருந்த ஏவுகணைகள் போகப் போகின்றன என்பதைச் செய்தி மூலம் அறிந்து காஸ்ட்ரோ கொதித்தார். பெரியவர்கள் சண்டையிலும் சமாதானத்திலும் சிறியவர்களைக் கேட்பதில்லை என்ற பழைய அநீதி அப்போதும் இருந்தது.

இந்த இடத்தில் நம்மவர் ஒருவரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஏவுகணைகளின் படம் எடுக்கப்படுவதற்குச் சில வாரங்களுக்கு முன், 1962 செப்டம்பர் இறுதியில், காந்தி சமாதான நிறுவனத்தின் தூதுக் குழுவோடு ராஜாஜி வாஷிங்டனுக்குப் போய்க் கென்னடியைச் சந்தித்தார். அப்போது அவருக்கு வயது 83. அணுகுண்டுச் சோதனைகளை நிறுத்துங்கள் என்பது அவர் கோரிக்கை. எதிராளி நிறுத்தட்டும் என்று காத்திராமல் ஒரு தரப்பே துணிந்து நிறுத்தலாம் என்பது அவர் நெடுநாளாகச் சொல்லிவந்த கருத்து. நடைமுறை தெரியாத பேச்சு என்று சிரித்தவர்கள் உண்டு. அடுத்த மாதம் உலகத்தைக் காப்பாற்றியது ஏறக்குறைய அந்தப் பேச்சில் இருந்த அறிவுதான்: யாராவது ஒருவர் முதலில் தளர்த்த வேண்டும். 1963 ஆகஸ்டில் அமெரிக்காவும் ருஷ்யாவும் பிரிட்டனும் பூமிக்கு மேல் அணுகுண்டுச் சோதனை செய்வதில்லை என்று மாஸ்கோவில் கையெழுத்திட்டன.

புறநானூற்றில் கோவூர் கிழார் என்ற புலவரை நாம் அறிவோம். சோழர்களான நலங்கிள்ளியும் நெடுங்கிள்ளியும் உறையூரில் போருக்கு நின்றபோது அவர் நடுவே போய் நின்றார். உன்னோடு போரிடுகிறவன் பனம்பூச் சூடிய சேரனும் அல்லன், வேம்பு சூடிய பாண்டியனும் அல்லன். உன் மாலையும் ஆத்தி, அவன் மாலையும் ஆத்தி. எவன் தோற்றாலும் தோற்பது உங்கள் குலந்தானே என்று கேட்டார். இருவரும் ஜெயிக்கும் போர் உலகத்தில் இல்லை என்பது அவர் வாதம். அணு ஆயுதம் வந்த பிறகு வாதம் இன்னும் ஒரு படி போய்விட்டது. இன்று ஒருவரும் ஜெயிக்க முடியாது. இன்று உலகத்தில் ஒன்பது தேசங்களிடம் ஏறக்குறைய 12,000 அணு ஆயுதங்கள் இருக்கின்றன. நம் தேசமும் நம் அண்டை தேசங்கள் இரண்டும் அந்த ஒன்பதில் அடக்கம். இத்தனைக்கும் நடுவில் தோற்கப்போவது ஒரே ஒரு குலம். அது எல்லாருக்கும் பொதுவான குலம்.

மறைத்ததற்கு யார் பொறுப்பு என்று யோசித்துக்கொண்டே போனால், கடைசியில் கதவு நம் வீட்டுக்கே வந்து திறக்கிறது. கென்னடி யாருக்குப் பயந்து மறைத்தார்? குருஷேவுக்கு அல்ல, அவருக்கு விஷயம் தெரியும். தம் சொந்த ஜனங்களுக்குப் பயந்து மறைத்தார். காலையில் காப்பியோடு பத்திரிகையைப் பிரித்து, நம் தலைவர் விட்டுக்கொடுத்துவிட்டார் என்று படித்தால் முகம் சுளிக்கும் உங்களையும் என்னையும் போன்றவர்களுக்குப் பயந்து மறைத்தார். எதிரியை ஒரு கை பார்ப்பேன் என்பவனுக்கு மாலை போடுகிறோம். பேசிப் பார்ப்போம் என்பவனுக்கு வளையல் அனுப்புகிறோம். பின்வாங்கும் பாதையை இப்படி நாமே அடைத்துவிட்டு, தலைவன் ஏன் பொய் சொல்கிறான், ஏன் யுத்தத்துக்குப் போகிறான் என்று பிறகு அங்கலாய்க்கிறோம். விட்டுக்கொடுத்தவனை மதிக்கத் தெரியாத சமூகம் தன் தலைவனுக்கு இரண்டே வழிகளைத்தான் மிச்சம் வைக்கிறது: பொய், அல்லது போர்.

எதிராளியை அவமானமா, அணுயுத்தமா என்று தேர்ந்தெடுக்க வேண்டிய மூலைக்குத் தள்ளிவிடக் கூடாது என்று 1963 ஜூன் மாதத்தில் கென்னடியே ஒரு கல்லூரி விழாவில் சொன்னார். அந்த மூலையில் நம் சொந்தத் தலைவர்களையும் நாம் தள்ளிவிடக் கூடாது என்பதையும் அதோடு சேர்த்துக்கொள்ள வேண்டும்.

நளன் கதையில் தமயந்தியின் சுயம்வரம் உங்களுக்கு நினைவிருக்கும். தேவர்கள் நளனுடைய உருவத்தையே எடுத்துக்கொண்டு வரிசையாக நிற்கிறார்கள். எல்லா முகமும் ஒரே முகம். அவள் திகைத்துப் பார்க்கிறாள். மற்றவர்கள் கண்கள் இமைக்கவில்லை. அவர்கள் மாலை வாடவில்லை. பாதம் தரையில் படவில்லை. ஒருவன் கண் மட்டும் இமைக்கிறது. அவன்தான் மனிதன் என்று கண்டுகொண்டு அவன் கழுத்தில் மாலையைப் போடுகிறாள்.

இமைக்காமல் இருப்பது தேவர்களுக்குச் சரி. அவர்களுக்குச் சாவு இல்லை. சாகப் பிறந்தவர்களுக்கும், அவர்களை ஆள வந்தவர்களுக்கும் இமைக்கத் தெரிந்திருக்க வேண்டும். மாலை நம் கையில் இருக்கிறது. யார் கழுத்தில் போடுகிறோம் என்று பார்த்துப் போட வேண்டியது நம் பொறுப்பு.